சத்தம் போடாத வீடு

மகள் பத்தாம் வகுப்பில் படித்தபோது, பெற்றோர் கூட்டம் ஒன்றின் முடிவில் வகுப்பாசிரியை என்னையும் மனைவியையும் தனியாக அழைத்தார். இது எங்களுக்குப் பழக்கம்தான். என்ன தொலைத்தாள், யாரிடம் குறுக்கே பேசினாள் என்று கேட்டுக்கொண்டு தலைகுனிந்து வருவோம். அன்று ஆசிரியை சிரித்தார்.

"உங்க புள்ள எவ்வளவு மாறிட்டா தெரியுமா? மேசையைத் தட்டுறதே இல்ல. எழும்பித் திரியிறதும் இல்ல. உட்கார வச்ச இடத்துல இருக்கா."

ஹட்டன் கடைத்தெருவில் லட்டும் மஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். இனிப்பென்றால் அடித்துப்பிடித்துக்கொண்டு வருகிறவள், ஒன்றைக்கூடத் தொடவில்லை. "பொறுப்பு வந்திருச்சு," என்றேன் மனைவியிடம்.

நான் பத்திரிகைக்காரன். சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் செய்தி எழுதாதே என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் ஓயாமல் சொல்கிறவன். மகள் திருந்திய செய்தியை மட்டும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தொலைபேசியில் சொந்தக்காரர்கள் அனைவருக்கும் வெளியிட்டேன்.

அவளுக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது சிறு வயதிலேயே தெரியும். கவனம் ஓரிடத்தில் நிற்காது, கைகால் சும்மா இருக்காது, கையில் கொடுத்தது எதுவும் மாலையில் வீடு திரும்பாது. இவ்வளவு மழை பெய்கிற ஊரில் குடை தொலைக்கும் பிள்ளையை வளர்ப்பது தனி அனுபவம். இதைப் பற்றி நிறைய வாசித்திருந்தேன். அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை யாருக்கும் தெளிவாக விளக்குவேன். இன்னொரு குடை தொலைந்த மாலைகளில் எனக்கு விளக்கத்தான் ஆள் இருக்கவில்லை.

ஆனாலும் கத்தமாட்டேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. நான் பிறந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். அதனால் என் அப்பா யாரையும் திட்டுவதற்கு முன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். எங்கள் ரேடியோவின் சத்தம் உயர்ந்ததும் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள். இது லயத்தில் எல்லோருக்கும் தெரியும், அப்பாவைத் தவிர.

இப்போது நாங்கள் ஹட்டனில் இருப்பது தனி வீடு. ஒட்டிய சுவர் கிடையாது. என்றாலும் கோபம் வந்தால் என் கை முதலில் ரிமோட்டைத்தான் தேடும். டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு மகளுக்கு அருகில் போய், தாழ்ந்த குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லவேண்டியதைச் சொல்வேன். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவார். அமைதியான குடும்பம் என்றால் இதுதான் என்று நினைத்திருந்தேன்.

லட்டு வாங்கிய சில வாரங்களில் மகள் தலை சீவுவதை விட்டாள். பாடசாலையிலிருந்து வந்ததும் போர்வைக்குள் போனாள். குளிர் என்றோம். இங்கே எதற்கும் குளிரைக் காரணம் சொல்லலாம். ஒரு சனிக்கிழமை, அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் சாதாரணமாகக் கேட்டாள்:

"அம்மா, நான் இல்லாட்டி நீங்க டிவிய சின்னச் சத்தத்துலயே பாக்கலாம்ல?"

மனைவி முற்றத்துக்கு ஓடிவந்து இதைச் சொன்னார். "டிவிக்கும் அவளுக்கும் என்ன?" என்று கேட்டேன்.

"ஏங்க, நீங்க சத்தத்தைக் கூட்டினா அடுத்தது தனக்குத்தான்னு அவளுக்குத் தெரியாதா? பாட்டுச் சத்தம் கூடினாலே ரூமுக்குள்ள ஓடிடுறா. ஊருல நடக்கிறதெல்லாம் எழுதுறீங்க, இது தெரியலையா?"

அன்று முதல் மனைவி அவளோடு படுத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை மனநல டாக்டரைப் பார்க்க மூவரும் நுவரெலியா பஸ்ஸில் ஏறினோம்.

டாக்டர் தமிழ்ப் பெண். "வீட்டுல யாருக்கு அதிகமாக் கோபம் வரும்?" என்று மகளிடம் கேட்டார்.

"எங்க வீட்டுல யாரும் சத்தம் போடுறதில்லைங்க டாக்டர்," என்றேன் நான்.

"உங்களக் கேக்கலையே."

மகள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அப்பா மெதுவாப் பேசுறப்ப, நான் ஒண்ணுக்கும் ஒதவமாட்டேன்னு கேக்குது. அவர் அப்படிச் சொல்றதில்ல. ஆனா கேக்குது. அம்மா அழுதா அதுவும் என்னாலதான்."

பொறுப்பு என்று நான் நினைத்ததற்கு டாக்டர் மனச்சோர்வு என்று பெயர் சொன்னார். எதையாவது மறப்பதும் உடனே எங்கள் முகத்தைப் பார்ப்பதுமாகவே வளர்ந்த பிள்ளை, அந்த முகங்களை வைத்துத் தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் என்றார். மருந்து எழுதினார். தொடர்ந்து வந்து பேசவேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அவள் ஒன்றைத் தொலைக்கும்போது எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார். மலையகப் பிள்ளைகளின் கல்வி நிலையிலிருந்து தொடங்கினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"அது கட்டுரைங்க. உங்களுக்கு என்ன தோணுது?"

"பயம்," என்றேன். நான் ஏறி வந்த படிகளில் இவள் சறுக்கிவிடுவாள் என்ற பயம்.

"அத அவகிட்ட சொல்லியிருக்கீங்களா?"

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். "அப்பாவுக்கு வர்றது கோபமில்லம்மா, பயம். அதுக்கு நீ காரணமில்ல."

"மந்திரி அறிக்கை விடுற மாதிரி இருக்குப்பா," என்றாள். சற்று நேரம் போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள். நான் அறிவுரைக்கு வாயைத் திறந்தேன். மனைவி என் காலை மிதித்தார்.

அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நாளைக்கே திருத்தம் போடவேண்டி வரும். அவளால் எழும்ப முடியாத காலைகள் இன்னும் இருக்கின்றன. எங்களுக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாத நேரங்கள் இருக்கின்றன.

போன தடவை கிளினிக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டதும் வழக்கம்போல மூவரும் எழுந்தோம்.

"நீங்க ரெண்டு பேரும் இருங்க. நான் தனியாப் போய்ப் பேசுறேன்."

கதவு சாத்திக்கொண்டது. கதவோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கையில் இருந்த பத்திரிகையை மடித்துக்கொண்டு, எதேச்சையாகப் போவதுபோல எழுந்தேன்.

"உட்காருங்க," என்றார் மனைவி.

உட்கார்ந்தேன். அவள் பேசிவிட்டு வெளியே வர வெகுநேரமானது.