இசைத்தட்டு கழுவும் மெஷினும் என் வயிற்றெரிச்சலும்

அவன் உருப்படக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது உண்மை. பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளையாரிடம், "அவன் மெஷினு மண்ணாப் போகட்டும், பதினோரு தேங்கா ஒடைக்கிறேன்" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த பெண் இரண்டடி தள்ளிப் போய் நின்றாள். நின்றால் நிற்கட்டும்.

மெஷின் என்றால் இசைத்தட்டு கழுவும் மெஷின். என் வீட்டுக்காரருக்குப் பழைய தட்டு வாங்கும் பைத்தியம். ஒவ்வொன்றும் தூசியும் பூஞ்சணமுமாக வந்து சேரும். முள்ளை வைத்தால் பாட்டுக்கு முன்னால் கடுகு தாளிக்கும் சத்தம்தான் கேட்கும். நானோ சுங்கைப்பட்டாணி கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், இருபத்திரண்டு வருஷம் மெஷின் பழுதுபார்த்தவள். கிலாங்கை இழுத்து மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு எனக்குச் சும்மா இருக்கக் கை வரவில்லை. கார் நிறுத்தும் போர்ச்சில் உட்கார்ந்து, பழைய வேக்குவம் கிளீனரின் மோட்டாரையும் மேசை விசிறியின் மோட்டாரையும் வைத்து ஒன்று செய்தேன். தட்டு சுற்றும். அதன் மேல் மருந்துத் தண்ணீரை ஊற்றித் தூரிகையால் தேய்த்தால், வாயில் வெல்வெட் ஒட்டிய ஒரு குழாய் அந்தத் தண்ணீரை அழுக்கோடு உறிஞ்சி எடுத்துவிடும். சொல்வதற்கு இரண்டு வரி. செய்வதற்கு எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

அவன் கிலாங்கில் என்னோடு வேலை பார்த்தவன். என்னைவிட மூன்று வயது சின்னவன். "அக்கா, அக்கா" என்று வாரம் தவறாமல் வருவான். என் மீன்குழம்பை வழித்து வழித்துச் சாப்பிடுவான். பிறகு மெஷினைச் சுற்றிச் சுற்றிப் போனில் படம் எடுப்பான். "எதுக்குடா இத்தன படம்?" என்றால், "சும்மா, ஞாபகத்துக்குக்கா" என்பான். நானும் வெள்ளந்தியாக மூடியைக் கழற்றி உள்ளேயும் காட்டினேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு வீடியோ வந்தது. அவன் நிற்கிறான், பக்கத்தில் என் மெஷின். பெட்டி மட்டும் பளபளவென்று வேறு. "நான் ராத்திரி பகலா ஒழச்சுக் கண்டுபிடிச்சது" என்கிறான், பாவி. என் பெட்டியில் நான் ஓர் இடத்தில் தவறாகத் துளை போட்டுவிட்டு, அதை மறைக்கக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். அவன் மெஷினிலும் அதே இடத்தில் அதே கறுப்பு ஸ்டிக்கர்! அது எதற்கு என்றுகூடத் தெரியாமல் ஒட்டியிருக்கிறான்.

போன் போட்டுக் கிழித்தேன். "என்னக்கா நீங்க, மெஷினுன்னா யாரு வேணும்னாலும் செய்யலாம் லா" என்றான். பினாங்கிலிருந்தெல்லாம் அவனிடம் மெஷின் வாங்க ஆள் வந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் போர்ச்சில் என் மெஷினைப் பார்த்துவிட்டு, "அட, அவரு செஞ்சதுதானே இது? நீங்களும் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் பிள்ளையாரிடம் போனேன்.

மருந்துத் தண்ணீரையும் அவன் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தான். ஆனால் அதைப் பற்றி அவன் திருடாத ஒரு விஷயம் என்னிடம் இருந்தது. என் மருந்துத் தண்ணீரில் ஸ்பிரிட் கலந்திருக்கும், ஊசி போடுவதற்கு முன்னால் கிளினிக்கில் தடவுவார்களே, அதுதான். சாதாரணத் தட்டை அது ஒன்றும் செய்யாது. ஆனால் தாத்தா காலத்துக் கனமான தட்டுகள் அரக்கில் செய்தவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். என் வீட்டுக்காரரின் தட்டு ஒன்றைப் பாழாக்கித்தான் நான் அதைத் தெரிந்துகொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவனிடமிருந்து போன்.

"அக்கா, ஒரு டவுட்டு. அந்தக் காலத்து வெயிட்டான பிளேட்டு இருக்குல்ல, அதுக்கும் இதே தண்ணிதானே?"

"யாரு பிளேட்டு?"

"பாடாங் செராயில சாப்பாட்டுக் கடை வச்சிருக்காரே பாய், அவரோட அத்தா சேத்து வச்சது. பதினாலு பிளேட்டு. மத்தியானம் கடையிலயே வச்சுக் கழுவிக் காட்டப் போறேன்."

பாயை எனக்கும் தெரியும். நல்ல மனுஷன். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எனக்கென்னப்பா தெரியும்? நீதானே கண்டுபிடிச்சவன்" என்றேன்.

"இன்னும் கோவம் போகலியாக்கா?" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "பாவம், பாய் பிளேட்டு. ஒரு போன் அடிச்சுச் சொல்லிடேன்" என்றார். "உங்க வேலையப் பாருங்க" என்றேன். மத்தியானம்வரை நேரம் இருந்தது. காடியை ஓட்டிப் போனால் அரை மணி நேரம்தான் பாடாங் செராய். நான் குழம்பு வைத்து, இரண்டாம் தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

சாயங்காலமே சேதி வந்துவிட்டது. கடை நிறையக் கூட்டம். பதினான்கு தட்டையும் வரிசையாகக் கழுவி முடித்துவிட்டுத்தான் முள்ளை வைத்திருக்கிறான். கரகரப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை. எல்லாம் வெளுத்து, கோடு அழிந்து கிடந்ததை யாரோ வீடியோ எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். வாங்கின மெஷினையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்து அவன் வாசலில் இறக்கினார்கள். இப்போது கரங்கான் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். என் பிள்ளையார் அன்றைக்கே கொன்றார். பதினோரு தேங்காயையும் நானே உடைத்தேன். கை வலித்தது, அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் வீட்டுக்கு வந்தார். கையில் அட்டைப்பெட்டி.

"இத ஏதாச்சும் செய்ய முடியுமாக்கா?"

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். "முடியாது பாய்."

"அவன் வந்து அழுதான். உங்ககிட்ட கேட்டானாம்."

"கேட்டான்."

"ஒங்களுக்குத் தெரியுமா, இப்பிடி ஆகும்னு?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். வாய் வரவில்லை. "தெரியும்" என்றேன்.

அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். என் மெஷினை அவன் திருடியபோது நீங்கள் எல்லாரும் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கத் தயாராகத்தான் இருந்தேன். அவர் பெட்டியை மூடினார். "அத்தா படுத்த படுக்கையா கெடக்காரு. கண்ணும் சரியாத் தெரியாது. பிளேட்டு கழுவி வந்துருச்சான்னு காலைல எந்திரிச்சா இதே கேள்விதான். எனக்குச் சொல்ல நாக்கு வரல. நீங்களே வந்து சொல்லிருங்கக்கா" என்றார்.

போனேன். கடைக்குப் பின்னால் ஓர் அறை. பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு நுழைந்தேன். கட்டிலில் இருந்த பெரியவர், பாயின் அப்பா, சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார்.

"யாரு?"

"பிளேட்டு கழுவுற மெஷினு இருக்குல்ல அத்தா, அத மொதமொதல்ல செஞ்சவங்க" என்றார் பாய்.

பெரியவர் முகம் மலர்ந்தது. "நீதானாம்மா அது? பொம்பளப் புள்ளையா செஞ்சது?"

இந்தக் கேள்வியை ஒருவராவது என்னிடம் கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாள் வெந்திருப்பேன்.

"ஆமாங்கய்யா. நான்தான்."

"நல்லாருப்பே. சரி, மொதல்ல எதப் போடப் போற?" என்று கையை நீட்டிப் பெட்டியைத் தடவினார்.

"ஒண்ணும் போட முடியாதுங்கய்யா" என்றேன். "எல்லாம் என்னாலதான் கெட்டுப்போச்சு."