காலியாக விடச் சொன்னவர்

தயாளன் சார் விழுந்த செய்தி முதலில் ஒரு சிவப்புக் கட்டமாகத்தான் எனக்கு வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தித் திட்டமிடல் என் வேலை. கீழே எந்த மெஷின் ஓடுகிறது, எது நிற்கிறது என்பது மாடியில் என் கணினித் திரையில் தெரியும். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. அன்று காலை டீ வந்து போன கொஞ்ச நேரத்தில் பிரஸ் மெஷின் ஒன்று சிவப்பானது. பக்கத்திலேயே காரணமும் தானாக வந்து விழுந்தது: 'ஆபரேட்டர் இடத்தில் இல்லை.' வெகுநேரமாகியும் சிவப்பு மாறவில்லை. மதியம் லாரி ஏற வேண்டிய சரக்கு அந்த மெஷினில் ஓடிக்கொண்டிருந்ததால் கீழே போன் போட்டேன்.

சூப்பர்வைசர்தான் எடுத்தார். "மேடம், நம்ம தயாளன் சார் மெஷினாண்ட உயுந்துட்டாரு. அந்த மெஷினை ஓட்டுற செல்விதான் தாங்கிப் புடிச்சுது. அதுதான் வண்டியில கூடப் போயிருக்குது," என்றார்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். அந்த வரி அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதை எழுதும் இந்த நேரம்வரை அது அடங்கவில்லை. அந்தத் திரைக்கு மெஷின்களை இணைத்துக் கொடுத்தவரே தயாளன் சார்தான். அந்த ஒரு வரியை மட்டும் அவர் எழுதவில்லை.

கோவில்பதாகையில் இதைப் படிக்கும் அவர் தெருக்காரர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கிளம்பாத ஸ்கூட்டரைக் காலையில் உதைத்து உதைத்துத் தெருவையே எழுப்பிவிடுகிறவர் என்றால் போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். பொறியியல் படித்தவர். மெஷின்களின் கணக்கை அலுவலகக் கணினிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மென்பொருள் எழுதுவது அவர் தொழில். சாதுவான மனிதர் என்றெல்லாம் எழுதினால் அவரே எழுந்து வந்து சண்டை போடுவார். மீட்டிங்கில் மேசையைத் தட்டுவார். என் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் இருந்தால் கேட்காமலே பாதியைக் காலி செய்வார். என் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கடைசிவரை நான் அவருக்கு 'ஏம்மா பிளானிங்' தான்.

அவர் வருவதற்கு முன்னால் எங்களிடம் கீழே ஒரு கணக்கு, மேலே ஒரு கணக்கு. ஷிப்ட் முடிந்ததும் சூப்பர்வைசர் குத்துமதிப்பாக ஓர் எண் சொல்வார், அலுவலகத்தில் அதைத் தட்டிவைப்பார்கள், அதை நம்பி நான் வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வசவு வாங்குவேன். தயாளன் சார் ஒவ்வொரு மெஷினாக இணைத்தார். பழையது, புதியது, வெளிநாட்டிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றும் தகவல் சொல்லும் விதமே வேறு. இதையெல்லாம் எப்படி ஒன்றாகக் கோப்பீர்கள் என்று கேட்டேன். "எங்க குவார்ட்டர்ஸ் கொழாயடிக்கு வந்து பாரும்மா. திருநெல்வேலி, கோயமுத்தூரு, மதுரைன்னு அத்தினி ஊர்த் தமிழும் ஒரே வரிசையில நிக்கும். சண்டையும் போட்டுக்கும், தண்ணியும் புடிச்சுக்கும்," என்றார்.

முதல் மாதமே வம்பு வந்தது. மெஷின் சொன்ன கணக்கு, அதுவரை ஏட்டில் காட்டிவந்த கணக்கைவிடக் குறைவாக இருந்தது. எங்கள் தொழிற்சாலைத் தலைவர் அவரைக் கூப்பிட்டு அதைக் கொஞ்சம் சரிசெய்யச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னிடம் அவ்வளவு சோறு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பதிலுக்காக அந்த வருடம் அவருடைய பதவி உயர்வு நின்றது. அதைப் பற்றி வருத்தப்படாத மகான் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவருடைய பெரிய சண்டை வேறு. மெஷின் நின்றால் ஏன் நின்றது என்று பக்கத்திலுள்ள சிறு திரையில் ஆபரேட்டர் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். கச்சாப்பொருள் வரவில்லை, அச்சு மாற்றுகிறார்கள், பழுது, இப்படி. யாரும் எதையும் அமுக்காவிட்டால்? அலுவலகத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, ஆபரேட்டர் இடத்தில் இல்லை என்று தானாகப் பதிவாகட்டும் என்பது. தயாளன் சார் முடியவே முடியாது என்றார். தலைவர், அறிக்கையில் ஓட்டை ஓட்டையாக இருந்தால் தலைமை அலுவலகத்தில் அசிங்கம் என்றார்.

"தெரிஞ்சா எழுதுங்க. தெரியலன்னா காலியா உடுங்க. காலியா இருந்தாத்தான் ஒருத்தனாவது எழுந்து போய் இன்னான்னு பார்ப்பான்," என்றார் தயாளன் சார். அன்று அவர் மேசையைத் தட்டியதில் என் டீ கவிழ்ந்தது.

அவர் சொன்னது போலவே நடந்தது. பெண்கள் வேலை செய்யும் வரிசையில் மெஷின்கள் அடிக்கடி நின்றன, காரணம் காலி. அரட்டை அடிக்கிறார்கள் என்று மாடியில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். தயாளன் சார் கீழே போய் அன்று முழுக்க அந்த வரிசையிலேயே நின்றுவிட்டு வந்தார். அந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிவறையே இல்லை. வெயிலிலும் மழையிலும் லாரி நிற்கும் முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டடத்துக்குப் போய் வந்தார்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு யாரும் எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை. அவர் பேசாமல் மேலே வந்து காரணங்களில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்: 'கழிவறை தூரம்.' அது அப்படியே மாத அறிக்கையில் ஏறித் தலைமை அலுவலகத்தின் பெரிய திரையில் போய் நின்றது. தலைவர் குதித்தார். ஆனால் மழைக்காலம் வருமுன் அதே கட்டடத்தில் கழிவறை கட்டினார்கள். அந்த வரிசையில் அன்று வேலை செய்தவர்களில் ஒருவர்தான் செல்வி. வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வந்து போகும் ஒப்பந்தத் தொழிலாளி.

பிறகு புதிய மென்பொருள் வாங்கினார்கள். தயாளன் சார் மனைவியின் அறுவைச் சிகிச்சைக்காக விடுப்பில் இருந்தபோது வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்து மாற்றியும் விட்டார்கள். வண்ண வண்ணமாக வரைபடம் வந்தது. 'கழிவறை தூரம்' என்ற காரணம் போயிற்று. காலி இடமும் போயிற்று. கொஞ்ச நேரத்துக்குள் யாரும் எதையும் அமுக்காவிட்டால் ஆபரேட்டர் இடத்தில் இல்லை என்று தானாக விழுந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை இனி யாரும் கைவலிக்க எழுத வேண்டாம், மென்பொருளே எழுதிவிடும்.

அவர் திரும்பி வந்து போட்ட சத்தம் கேன்டீன்வரை கேட்டது. பயனில்லை. அதற்குப் பிறகு தினமும் காலையில் அவரே கீழே இறங்கினார். முந்தைய நாள் ஆபரேட்டர் இடத்தில் இல்லை என்று விழுந்த மெஷின்களுக்கெல்லாம் நடந்து போய், உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டு, சூப்பர்வைசரைப் பிடித்து உலுக்கித் திருத்த வைப்பார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். உங்களுக்கு இது வேண்டாத வேலை சார் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "நான் போட்ட ஒயருல பொய் ஓடுதும்மா. தூக்கம் வரமாட்டேங்குது," என்றார்.

அப்படி நடந்து போன ஒரு காலையில்தான் செல்வியின் மெஷின் அருகே விழுந்தார். அந்த நடையால்தான் இறந்தார் என்று எழுத என் கை துடிக்கிறது. ஆனால் எனக்கு அது தெரியாது. அவர் சொன்னபடி அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்.

மறுநாள் வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார்கள். கேன்டீனில் இரங்கல் கூட்டம். தயாளன் சார் நம் நிறுவனத்தின் பாலம் என்று தலைவர் பேசினார். சார் இருந்தவரை அந்தப் பாலத்தின் மேல் தான் எதை ஏற்றிப் போகப் பார்த்தார் என்பதைச் சொல்லவில்லை. மௌன அஞ்சலிக்கு எழுந்து நின்றோம். மௌனம் எங்கே? பிரஸ் மெஷின்களின் சத்தம் தரையை அதிரவைத்துக்கொண்டிருந்தது. சுற்றிப் பார்த்தேன். வந்திருந்தவர்கள் எல்லோரும் மாடிக்காரர்கள். கீழே இருந்து ஒருவர்கூட இல்லை. அவருக்காக எழுந்து வந்தால் அவர்கள் பெயரில் என்ன விழும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த வாரமே செல்விக்கு மெமோ போனது. அனுமதியின்றி இயந்திரத்தை விட்டுச் சென்று உற்பத்தியைப் பாதித்ததற்கு விளக்கம் வேண்டுமாம். நான் மனிதவள அதிகாரியின் அறைக்குப் போய்க் கேட்டேன். அது சிஸ்டம் தானாக அனுப்புவது, நாங்கள் அனுப்பவில்லை என்றார். சிஸ்டத்துக்குக் கை முளைத்துக் கையெழுத்தும் போடுகிறதா என்று கேட்டேன். கையெழுத்து அவருடையதுதான். ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் முடிந்துவிடும் என்றார். கொடுக்கும்வரை வர வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் செல்வியை நிறுத்திவிட்டார்.

செல்வியை அதன் பிறகு சாரின் வீட்டில், பதினாறாம் நாள் காரியத்தில்தான் பார்த்தேன். சாரின் மனைவி மல்லிகா அக்கா செல்வியின் கையைப் பிடித்தபடி, கடைசியில் அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்கள். மூச்சு வாங்கியது, ஒன்றும் பேசவில்லை, என் கையை மட்டும் விடவேயில்லை என்றார் செல்வி. அக்கா கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, வேலைக்குப் போகிறாயா என்று கேட்டார்கள். செல்வி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"போவலக்கா. இனிமே இப்புடிச் செய்யமாட்டேன்னு எழுதிக் குடுக்கணுமாம்," என்றார் செல்வி. "எப்புடி எழுதுவேன்? நாளைக்கு இன்னொருத்தர் உயுந்தா மெஷினைப் பார்த்துகினு நிக்கணுமா? எழுதமாட்டேன்."

மல்லிகா அக்கா உள்ளே போய் இலை போட்டு, செல்வியைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட வைத்தார்கள்.

இந்தக் கட்டுரையை முதலில் எழுதச் சொன்னது எங்கள் நிறுவனப் பத்திரிகைதான். எழுதிக் கொடுத்தேன். மெமோவும் செல்வியும் வரும் இடங்களை அடித்துவிட்டு, அங்கே அவருடைய புன்னகையைப் பற்றி நாலு வரி சேர்த்துத் தரும்படி திருப்பி அனுப்பினார்கள். அவர் அப்படியொன்றும் புன்னகைக்கிறவர் இல்லை. அந்த இடத்தைக் காலியாகவே அச்சடியுங்கள் என்று பதில் போட்டேன். அவர்கள் புகைப்படத்தைப் பெரிதாக்கி நிரப்பிக்கொண்டார்கள். அதனால்தான் கோவில்பதாகைக் குடியிருப்போர் சங்க மலருக்கு இதைக் கொடுத்திருக்கிறேன். இதனால் என் வேலைக்கு என்ன வரும் என்று தெரியும். வரட்டும்.

சார், நேற்றுகூட அந்த நாளின் பதிவைத் திறந்து பார்த்தேன். திருத்த எனக்கு அனுமதி இல்லை. ஆபரேட்டர் இடத்தில் இல்லை என்றே இருக்கிறது. காலையில் இறங்கிப் போய் உலுக்க நீங்கள் இல்லை. தெரிந்தால் எழுதச் சொன்னீர்கள். இது எனக்குத் தெரியும். அன்று அந்த மெஷின் நின்றதற்குக் காரணம், செல்வி உங்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எழுதிவிட்டேன் சார். போய் வாருங்கள்.