துண்டுச்சீட்டுக் கேள்விகள்

பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும், அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் பாடம் நகர வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியில் மூன்று நாள் சொன்னார்கள். நானும் நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். செஞ்சிக்குத் திரும்பியதும் பழைய கதைதான். யாராவது கை தூக்கினால் “போர்ஷன் முடியட்டும்” என்பேன். போர்ஷன் என்றைக்கு முடிந்திருக்கிறது?

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டார். திங்கட்கிழமை அதிகாரி வருகிறாராம். பிள்ளைகளே கேள்வி கேட்டு நடக்கும் வகுப்பைப் பார்க்க வேண்டுமாம். என்னுடைய எட்டாம் வகுப்பைக் காட்டப்போவதாகச் சொன்னார். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பன்னிரண்டு கேள்விகளை நானே யோசித்து, பன்னிரண்டு துண்டுச்சீட்டில் எழுதினேன். பாடம் பாறைகள். ‘பாறைகள் எத்தனை வகைப்படும்?’ என்று எந்தப் பிள்ளையும் தானாகக் கேட்காது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

காலையில் சீட்டுகளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். அவலூர்பேட்டை பஸ்ஸில் வருகிற ஒரு பெண்ணுக்கு நான்காவது சீட்டு: ‘தீப்பாறை எப்படி உருவாகிறது?’ அவளுடைய அப்பா கல்குவாரியில் வேலை செய்கிறவர். வகுப்பில் அதிகமாகக் கை தூக்கியவளும், என்னிடமிருந்து அதிகமாக “போர்ஷன் முடியட்டும்” என்ற பதிலை வாங்கியவளும் அவள்தான்.

அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்று கேள்விகள் வரிசையாக வந்தன, மூன்றுக்கும் அசத்தலாகப் பதில் சொன்னேன். நான்காவதாக அவள் எழுந்தாள். சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கோட்டை மலையைப் பார்த்தாள்.

“டீச்சர், எங்க நைனா குவாரில ஒடைக்கிற கல்லெல்லாம் மூல மூலயா, கூரா இருக்குது. கோட்ட மலைல இருக்குற கல்லு மட்டும் ஏன் உருண்டையா இருக்குது? ரெண்டும் ஒரே கல்லுன்னு நைனா சொல்றாரு.”

பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு நாளும் இதை யோசித்ததில்லை. பதிலும் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு, எல்லோரும் சேர்ந்து கண்டுபிடிக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பயிற்சியில் சொன்ன வகுப்பு அதுதான். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

“உனக்குக் குடுத்த கேள்விய மட்டும் கேளு.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது புரிந்தது. அதிகாரி தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினார். அவள் சீட்டைப் பிரித்து, அதில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள்.

அவர் போனதும் என் மானம் போன ஆத்திரத்தையெல்லாம் அவள்மேல் கொட்டினேன். அதிகப்பிரசங்கி என்றேன். வகுப்பே சிரித்தது. என் பொய் வெளிப்பட்டதற்கு ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணைத் தண்டித்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அதன்பிறகு அவள் கை தூக்கவில்லை. ஒரு மாதம் அந்த அமைதி எனக்கு வசதியாகக்கூட இருந்தது. பிறகு உறுத்த ஆரம்பித்தது. கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுக்கும் தோழியிடம் போன் செய்து கேட்டேன். பாறையில் விரிசல் விழுந்து கட்டம் கட்டமாகப் பிரியும், மூலைகளை வெயிலும் மழையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் தாக்குவதால் அவைதான் முதலில் தேய்ந்து உதிரும், அப்படியே எத்தனையோ காலம் போய் உருண்டையாகிவிடும் என்றாள். குவாரியில் உடைப்பது புதிதாக உடைந்த கல். மறுநாள் வகுப்பில் அதைப் படம் போட்டு விளக்கினேன். இது யாருடைய கேள்வி என்பதையும், அன்றைக்கு நான் செய்தது தப்பு என்பதையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“இனிமே நீ இன்னா வேணும்னாலும் கேளு,” என்றேன். சரி என்று தலையசைத்தாள். எனக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

அடுத்த நாள் மணி அடிப்பதற்கு முன்பே என் மேஜைக்கு வந்தாள். நோட்டைப் பிரித்துப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள். முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை.

“இன்னிக்கி நான் இன்னா கேள்வி கேக்கணும், டீச்சர்? சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”