கிளினிக் நாளும் காலைக் குளிசையும்

எனக்கு அழகாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மறதியும் இருக்கிறது, முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்வேன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அதனால்தான் துணிந்தேன்.

மஹய்யாவையில் மேட்டு வீடொன்றில் தனியாக இருக்கிறேன். என் வீட்டுக்காரர் தவறிப்போய்ச் சில வருஷமாகிறது. மகன் குடும்பத்தோடு வத்தளையில். போன வருஷம் எனக்குத் தலைச்சுற்றலோடு மறதியும் கூடிப்போனது. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு முற்றத்தில் நிற்பேன். கருகல் வாடை வந்த பிறகுதான் நினைவு வரும். ஒருநாள் வத்தேகமைக்குப் போகும் வழியில் இருக்கும் நாத்தனாரைப் பார்க்கப் பஸ் ஏறி, இறங்கும் இடத்தை விட்டுவிட்டுக் கடைசி வரைக்கும் போய்விட்டேன். நாத்தனார் அதை மகனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

"அம்மா, தனியா இருந்தது போதும். வீட்டப் பூட்டிட்டு எங்களோட வந்துருங்க. லீவு கெடச்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

பாசத்தில்தான் சொன்னான். ஆனால் அவர்கள் இருப்பது மூன்றாம் மாடி. காலையில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால் நான் சுவரோடுதான் பேச வேண்டும். இங்கே மதிலுக்கு அந்தப் பக்கம் ராத்தா இருக்கிறா. எனக்கு வீட்டை விட்டுப் போக மனமில்லை. அதை மகனிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

ராத்தா என் பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா. என்னைவிட மூத்தவ. நான் பேசாததையும் சேர்த்து அவவே பேசுவா. இருவருக்கும் பிரஷர், அவவுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் உண்டு. முன்பெல்லாம் வேறு வேறு நாளில்தான் கிளினிக் போவோம். போன வருஷம்தான் இருவருக்கும் ஒரே நாள் கிடைத்தது. விடியும் முன்பே த்ரீவீல் பிடித்து, கிளினிக் வாசலில் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ராத்தாவின் பையில் பாணும் சம்பலும், பிளாஸ்கில் தேத்தண்ணீரும் இருந்தன. இரத்தம் எடுத்த பிறகு சாப்பிடுவதற்கு.

கிளினிக் நாளில் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். நானோ அதைக் கோயில் விரதம் மாதிரி பிடிப்பேன். பச்சைத் தண்ணீர் கூடப் படாது. சாப்பிட்ட பிறகு போடும் குளிசையைச் சாப்பிடாமல் எப்படிப் போடுவது? அன்றைக்கு அதையும் விட்டுவிடுவேன். வருஷக்கணக்காக அப்படித்தான்.

ராத்தா பையைத் திறந்து, ஒரு குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன ராத்தா, இன்னும் ரத்தமே எடுக்கலியே."

"இது பிரஷர் குளிசை. ஒரு முடறு தண்ணியோட குடிக்க ஏலும். சீனிக் குளிசதான் இப்ப வேணாம். நோம்புக்கு முந்தி எத எப்ப குடிக்கிறன்னு கேட்டுக் கேட்டு டொக்டரே களைச்சுப் போயிட்டாரு. ஏன், நீங்க குடிக்கல்லயா?"

"கிளினிக் நாள்ல நான் குடிக்கிறதே இல்ல."

ராத்தா என்னை மேலும் கீழும் பார்த்தா. "நல்ல ஆளு புள்ள நீங்க. இத டொக்டருக்கிட்ட சொன்னீங்களா?"

சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் பிரஷர் கூடியிருக்கிறது என்பார். குளிசை ஒழுங்காகக் குடிக்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்பார். நான் தலையாட்டுவேன். தினமும் குடிக்கிறேனே, பொய்யில்லை. அவர் குளிசையைக் கூட்டித் தருவார், நான் வாங்கிக்கொண்டு வருவேன்.

அன்றைக்கு ராத்தா என் நம்பருக்கும் கூடவே உள்ளே வந்துவிட்டா. தன் சிங்களத்தில் பாதியும் கையால் பாதியுமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டா. எனக்கு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. டாக்டர் ஏசவில்லை. சாப்பிட்டு, குளிசையும் குடித்துவிட்டு இன்னொரு நாள் வரச் சொன்னார். அப்படிப் போனபோது பிரஷர் மிகவும் இறங்கிக் கிடந்தது. எழுந்து நிற்கச் சொல்லி இன்னொரு தடவை பார்த்துவிட்டு, நர்ஸ் என்னைக் கையைப் பிடித்துக் கதிரையில் உட்காரவைத்தா.

அவர் சொன்னதை நர்ஸ்தான் தமிழில் விளக்கினா. குளிசை விட்ட கிளினிக் நாளில் மட்டும் பிரஷர் கூடித் தெரிந்ததாம், அதைப் பார்த்துக் கூட்டிய குளிசை மற்ற நாளில் அளவுக்கு மீறி இறக்கியதாம். பிரஷர் நெடுநாள் கூடியிருந்தால் மூளையின் மெல்லிய இரத்தக் குழாய்கள் கெட்டுப்போகுமாம். அளவுக்கு மீறி இறங்கினாலும் மூளைக்கு இரத்தம் போதாதாம். எங்கள் மேட்டுக் குழாய்த் தண்ணீர் கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது. வேகம் கூடினால் குழாய் வெடிக்கும். குறைந்தால் மேட்டு வீட்டுக்கு ஏறாது. மனிதனுக்கு மேட்டு வீடு தலைதானே. குளிசையைக் குறைத்துத் தந்தார். கிளினிக் நாளிலும் அதை விடக்கூடாது என்றார்.

கிழமைகள் போகப் போகத் தலைச்சுற்றல் நின்றது. சோறும் கருகவில்லை. ஆனால் மகன் லீவு எடுத்து, என் சாமான் அடுக்க வெறும் சூட்கேஸோடு, மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். வந்ததும் வராததுமாக, "அம்மா, இன்னைக்கு என்ன கெழம?" என்றான், சும்மா கேட்கிற மாதிரி.

"ஒனக்கு லீவு கெடச்ச கெழம" என்றேன். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கூட்டிப்போகும் முன் ஒருதரம் என்னோடு வந்து டாக்டரைப் பார் என்று மட்டும் கேட்டேன். அதற்கே எனக்கு வியர்த்துவிட்டது. கிளினிக்கில் அவன் முன்னாலேயே என் ஞாபகத்தைச் சோதித்தார்கள். நர்ஸ் மூன்று சொல் சொன்னா: வாழைப்பழம், கதிரை, ரயில். பிறகு மணிக்கூடு வரையச் சொன்னார்கள். என் வட்டம் பலாக்கொட்டை மாதிரி வந்தது, முள் சரியாக நின்றது. அதற்குப் பிறகு அந்த மூன்று சொல்லையும் கேட்டார்கள். சொன்னேன். பக்கத்தில் மகனும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். அவனுக்கு வாழைப்பழமும் ரயிலும்தான் வந்தன.

"கதிரைல உக்காந்துகிட்டே கதிரைய மறந்துட்டியே" என்றேன். கூச்சத்தை மீறி எப்படி வந்ததோ தெரியாது. டாக்டருக்கு அதை நர்ஸ் சிங்களத்தில் சொல்ல, அவரும் சிரித்தார்.

மறதியெல்லாம் இதோடு தீர்ந்தது என்று அவர் சொல்லவில்லை. சில மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம், அதுவரை பழகின இடத்தில் இருக்கட்டும் என்றார். வெளியே வந்ததும் மகன் என் முகத்தைப் பார்த்தான்.

"இங்கயே இருக்கத்தான் விருப்பமாம்மா?"

"ஆமாப்பா."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றான். தினமும் காலையில் குளிசை போட்டதும் தனக்குப் போன் பண்ண வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். சூட்கேஸில் ஈரப்பலாக்காயை நிரப்பிக்கொண்டு வத்தளைக்குப் போனார்கள்.

வைத்தியம் தெரிந்த யாராவது இதைப் படித்தால், குளிசையைப் பற்றி நான் எழுதியது சரியா என்று தயவுசெய்து பார்த்துத் திருத்திவிடுங்கள். எனக்குச் சொன்னது எனக்கு மட்டும்தான். மற்றவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். அந்த மூன்று சொல் மட்டும் சரி, அதைத் திருத்த வேண்டாம்.