விடோவின் மகள்

ராயபுரத்தில் எங்கள் தெருப் பெண்கள் விதவை என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டார்கள். தாலியறுத்தவள் என்பது குழாயடிச் சண்டைக்கு. மற்றபடி எல்லாரும் விடோதான். துறைமுகத்தில் மூட்டை சரிந்து செத்தவன் பெண்டாட்டியும் விடோ, புருஷன் ஓடிப்போனவளும் விடோ. அதனால் யாராவது தன்னை விடோ என்றால் கேட்கிறவர்கள் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

என் அம்மா இரண்டாவது ரகம். அப்பா எண்ணூரில் இன்னொருத்தியோடு உயிரோடு, நன்றாகவே இருந்தார். கன்னியர் மடத்துப் பள்ளியில் தகப்பன் இல்லாத பெண்களுக்குப் படிப்பும் விடுதியும் இலவசம் என்று கேள்விப்பட்டு, மனுவில் விடோ என்று எழுதச் சொன்னாள். எழுதிக்கொடுத்தவர் தயங்கினார்.

"தமிழ்ல எழுதினாதான் அந்தாளு தலைல வுழும். இங்கிலீஷு ஆபீசோட பூடும்" என்றாள் அம்மா.

போகவில்லை. விடுதி சிஸ்டருக்கு ஆரம்பத்திலிருந்தே எங்கள் மேல் ஒரு கண். அம்மா என்னைப் பார்க்க வரும்போது வாசலிலேயே பூவை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாள். வாசனையை என்ன செய்வது? சிஸ்டர் சளிக்கு மூக்கை உறிஞ்சினாலும் பூவாசனையைப் பிடித்துவிட்டார் என்றே நினைப்பேன்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. சிஸ்டர் எங்களை வரிசையாகக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொடுத்தார்.

"உங்கப்பாவோடது எதும்மா?"

என்னிடம் மட்டும்தான் கேட்டார். இன்றைக்கும் சத்தியம் செய்வேன். குட்டு வெளிப்பட்டால் பள்ளிக்கூடம் போய்விடும், காசிமேட்டில் இறால் உரிக்க உட்காரவேண்டியதுதான். யாரும் நிற்காத, எழுத்து அழிந்த ஒரு மரச்சிலுவையைக் காட்டினேன். மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலில் நின்றேன். பயத்தில் அழுகை தாராளமாக வந்தது.

அப்போது வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி சாமந்தி மாலையோடு நேராக அந்தச் சிலுவைக்கு வந்தாள். எரிகிற மெழுகுவர்த்தியைப் பார்த்தாள், பிறகு என்னை.

"யாரும்மா நீ? இங்க இன்னா பண்ற?"

நான் வாய் திறக்குமுன் சிஸ்டர் சொல்லிவிட்டார்: "அவ அப்பாவுக்கு செபம் பண்றா. அம்மா விடோ."

அந்தப் பெண் என் நெற்றியை, மூக்கை, காதை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாருடைய ஜாடையைத் தேடுகிறாள் என்று அந்த வயதிலேயே எனக்குப் புரிந்தது.

"இன்னா வயசு உனுக்கு?"

பத்து என்றேன். அவள் உதடு அசைந்தது, வருடங்களைப் பின்னோக்கி எண்ணுகிறாள். இவர் என் அப்பா இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிஸ்டர் பக்கத்திலேயே நின்றார். நான் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே அருவருப்பு.

அவள் மாலையைச் சிலுவையில் போடாமல் கையில் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனாள்.

பள்ளிப் படிப்பு முடியும்வரை வருடாவருடம் அந்தச் சிலுவைக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். என்னைத் தவிர யாரும் வரவில்லை.