பாதுகாவலர் கையெழுத்து

கணக்குப் பாடத்தில் நான் வாங்கிய இருபத்து மூன்று மதிப்பெண்ணால் இந்த நாட்டுக்கு ஒரு குடிமகள் கிடைத்தாள். நான் படித்ததால் தேசத்துக்கு விளைந்த நன்மை அது ஒன்றுதான். பிற்பாடு பட்டமெல்லாம் வாங்கினேன். அதனால் யாருக்கும் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை.

நாங்கள் அப்போது அணுபுரம் குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு அணுமின் நிலையத்தில் ஷிஃப்ட் டியூட்டி. நான் மூன்றாம் வகுப்பு. படித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் பள்ளிக்கூடம் மறுக்கும். போய்வந்துகொண்டிருந்தேன். அந்த வருஷம்தான் ஒரு மத்தியான வேளையில் சித்தி வந்து சேர்ந்தாள். வலது கையில் ஒரு ரெக்ஸின் பை, இடது கையில் மாவுக்கட்டு. பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டாள் என்று எனக்குச் சொன்னார்கள். எந்த பஸ், அரசு பஸ்ஸா பிரைவேட்டா என்று கேட்டேன். யாருமே பதில் சொல்லவில்லை. பெரியவர்களுக்குப் பொது அறிவு குறைவு என்று முடிவுகட்டிவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

சித்தி என்றால் அப்பாவின் தம்பி மனைவி. மலேசியாக்காரி. சித்தப்பா அந்தப் பக்கம் வேலைக்குப் போனபோது அங்கே ஒரு தோட்டத்தில் பார்த்துக் கல்யாணம் செய்து, செங்கல்பட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். வந்த மறுவருஷமே சித்தியின் அம்மா அங்கே இறந்துபோக, திரும்பிப் போக அவளுக்கு அந்த ஊரில் ஒரு வாசற்படி இல்லாமல் போனது. கையில் அந்த நாட்டு பாஸ்போர்ட் மட்டும் இருந்தது. பார்த்தால் நம்மூர்ப் பெண்தான். வாயைத் திறந்தால்தான் கடல் தாண்டிய வாசனை வரும். யார் வந்தாலும் முதல் கேள்வி, “பசியாறிட்டீங்களா?” என்பதுதான். பால்காரர், கேஸ் சிலிண்டர்காரர், என்னைப் பற்றிக் குறை சொல்ல வந்த வாத்தியார், எல்லோரையும் கேட்டாள். பாதிப் பேர் குறையை மறந்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

குவார்ட்டர்ஸுக்கு ஒரு சட்டம் உண்டு. உறவுக்காரர் யாராவது மூன்று மாதத்துக்கு மேல் தங்கினால் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அப்பா ஃபாரம் வாங்கிவந்தார். பெயர், வயது, உறவு எல்லாம் எழுதினார். கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என் தம்பி இப்படிப்பட்டவன் என்று தன் கையால் எழுத அவருக்கு வரவில்லை. ஃபாரத்தை நாலாக மடித்து அலமாரித் தாளுக்கு அடியில் வைத்துவிட்டார். பதிலாக எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஃபைலும் கையுமாக யார் வந்து கேட்டாலும், “நேத்துதான் வந்தாங்க சார், ஞாயித்துக்கிழமை போயிடுவாங்க” என்று சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடமும் ஏறாத மண்டையில் இது மட்டும் கல்வெட்டு மாதிரி பதிந்துவிட்டது. எதிர்வீட்டு அத்தைக்கும் இதே பாடம்தான். எங்கள் பிளாக்கே ஒத்துழைத்தது, ஏனென்றால் அங்கே வீட்டுக்கு வீடு ஒரு ‘நேத்து வந்தவர்’ இருந்தார். அத்தை வீட்டில் அவருடைய தம்பி ஐந்து வருஷமாக நேற்று வந்தவராகவே இருந்தார்.

இவ்வளவு பொய்யும் எங்களுடையது. சித்தி பொய்யே சொல்ல மாட்டாள். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குள் போக நம்மவர்களுக்கு ஒரு டிக்கெட், வெளிநாட்டவர்களுக்கு ஒரு டிக்கெட். எங்களோடு உள்ளே வந்தால் கேட்க நாதியில்லை. ஆனாலும், “நான் வெளிநாட்டு ஆளுலா, அந்த டிக்கெட்டு எனக்கு இல்ல” என்று வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள். நாங்கள் கல் நந்திகளைப் பார்த்துத் திரும்பும்வரை, செருப்புகளுக்குக் காவலாக, மிளகாய்ப்பொடி போட்ட மாங்காய்க் கீற்றோடு உட்கார்ந்திருப்பாள்.

அப்பேர்ப்பட்டவளை நான்தான் குற்றவாளியாக்கினேன்.

நாலாம் வகுப்பில் முதல் மாதத் தேர்வு. கணக்கில் நூற்றுக்கு இருபத்து மூன்று. ரேங்க் கார்டில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அப்பாவிடம் போனால் இரண்டு மணி நேரம் அறிவுரை, அம்மாவிடம் போனால் அப்பாவிடம் போகும். சித்தியிடம் போனேன். முதலில், “தப்புலா ஐயா, அப்பாகிட்ட காட்டு” என்றாள். நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, “அப்பா அடிப்பாரு சித்தி” என்றேன்.

அப்பா என்னை அடித்ததே கிடையாது. கொசுவைக்கூட யோசித்துத்தான் அடிப்பார். இதையே அம்மாவிடம் சொல்லியிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாள். சித்தி சிரிக்கவில்லை. “பேனாவ எடு” என்றாள். ‘பெற்றோர் / பாதுகாவலர்’ என்று இருந்ததில் பெற்றோரை ஒரு கோடு போட்டு அடித்தாள். பாதுகாவலர் என்பதற்கு நேராக முழுப் பெயரையும் எழுதித் தேதியும் போட்டாள்.

எங்கள் டீச்சருக்குத் தேதி முக்கியம். தேதிக்குப் பக்கத்தில் அவரும் சின்னக் கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையும் குத்துவார். அந்த மந்திரம் பலித்த சந்தோஷத்தில் மூன்று வருஷம் அதையே ஓட்டினேன். மாதத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு என்று ஒவ்வொரு முறையும், “அப்பா அடிப்பாரு.” ஒவ்வொரு முறையும், “பேனாவ எடு.” வீட்டில், எங்கள் ஸ்கூலில் ரேங்க் கார்டு முறையையே ஒழித்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தேன். வருஷக் கடைசியில் கைக்கு வந்த கார்டுகளைச் சுவரில் மாட்டியிருந்த கேரம்போர்டின் முதுகில் டேப் போட்டு ஒட்டிவைத்தேன்.

இதற்கிடையே சித்திக்கு வருஷாவருஷம் விசா நீட்டிக்க வேண்டும், அதற்குப் புருஷன் கடிதம் வேண்டும். அப்பா செங்கல்பட்டு போய், தம்பியிடம் ஏச்சு வாங்கி, கையெழுத்தும் வாங்கிவருவார். நான் ஆறாம் வகுப்பு வந்த வருஷம் அப்பா வெறும் கையோடு வந்தார். “அவ வூட்டுக்கு வரட்டும், அப்பால போடறேன்” என்று சித்தப்பா சொல்லிவிட்டாராம். இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போகட்டும்.

அப்பாவின் ஆபீஸில் ஒரு நல்ல மனிதர் வழி சொன்னார். இந்தியரைக் கட்டி ஐந்து வருஷம் இங்கேயே வாழ்ந்தவள் குடியுரிமைக்கே மனுப் போடலாம், பிறகு யார் கடிதமும் வேண்டியதில்லை. சித்தி எங்கள் விலாசத்தைப் போட்டு விண்ணப்பித்தாள். அது தெரிந்து சித்தப்பாவும் ஒரு மனு போட்டார். அந்த விலாசம் பொய், அவள் என் அண்ணன் வீட்டில் இல்லை, எங்கெங்கோ திரிகிறாள் என்று எழுதியிருந்தாராம். ஆக, எல்லாம் விசாரணைக்கு வருகிறவர் எழுதப்போகும் ஒரு வரியில் நின்றது. சித்தி இங்கேதான் இருந்தாளா, இல்லையா?

ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த லீவில் ஒரு சனிக்கிழமை நான் மாடிப்படியில் பேட்டோடு உட்கார்ந்திருந்தேன். அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, அக்குளில் ஃபைல். ஒருவர் மூச்சு வாங்கியபடி ஏறிவந்தார்.

“இன்னாபா தம்பி, இந்த வூட்ல மலேசியாக்காரம்மா ஒண்ணு கீதாமே?”

ஃபைலைப் பார்த்ததும் குவார்ட்டர்ஸ் ஆபீஸ் ஆள்தான் என்று முடிவுகட்டினேன். எனக்குள் கல்வெட்டு பேசியது. “ஆமா சார். நேத்துதான் வந்தாங்க. ஞாயித்துக்கிழமை போயிடுவாங்க.”

“மின்னாடியே இருந்துச்சுன்னாங்களே?”

“ச்சே ச்சே. லீவுக்கு எப்பவாவது வருவாங்க சார்.”

எதிர்வீட்டு அத்தை கதவைத் திறந்து, கேட்காமலே, “விசிட்டர்தான் சார், பாவம், வந்தாக்கூட ரெண்டு நாள் தங்காது” என்றார். நான் அத்தையைப் பார்த்துக் கண்ணடித்தேன். வந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

உள்ளே போய், தான் போலீஸ் ஏட்டு என்றும், மஃப்டியில் குடியுரிமை விசாரணைக்கு வந்திருப்பதாகவும் அவர் சொன்னபோது என் கையிலிருந்த பேட் நழுவிக் காலில் விழுந்தது.

“மூணு வருஷத்துக்கு மேல இங்கதான் சார் இருக்கா” என்றார் அப்பா.

“உங்க பையனே நேத்து வந்துச்சுன்றான். எதிர்வூட்டம்மாவும் அதையேதான் சொல்லுது. உங்க தம்பி மனுவுலயும் அதான் கீது. நான் இன்னாத்த சார் எழுதறது?” ஏட்டு கோபமாகப் பேசவில்லை. சங்கடமாகத்தான் பேசினார். “ரேஷன் கார்டுல பேரு கீதா? பேங்க்கு புக்கு? தேதி போட்ட காயிதம் எதுனா ஒண்ணு காட்டுங்க.”

எதுவும் இல்லை. மூன்று வருஷமாக அவள் இங்கே இல்லாதவள் என்று நிரூபிக்க ஒரு பிளாக்கே பாடுபட்டிருந்தது. அம்மா அலமாரியைத் திறந்து திறந்து மூடினாள். சித்தி சமையலறை வாசலில் நின்று, “பசியாறிட்டீங்களா சார்?” என்றாள். முன்பு மாவுக்கட்டு இருந்த இடத்தை அவளுடைய மற்றக் கை பிடித்துக்கொண்டிருந்தது.

நான் வீரன் இல்லை. அந்த ஒரு நிமிஷத்தில் என்னென்ன கணக்குப் போட்டேன் என்பது என் மதிப்பெண்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். விடை வரவில்லை. அதனால் ஸ்டூலைப் போட்டு ஏறி, கேரம்போர்டைக் கழற்றித் திருப்பி, டேப்பைப் பிய்த்து, என் பாவங்கள் அனைத்தையும் ஏட்டின் மடியில் வைத்தேன்.

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். சத்தமாகப் படித்தார். அதுதான் எனக்குக் கொடுத்த தண்டனை. “கணக்கு இருபத்து மூணு. இருபத்தொண்ணு. பத்தொம்போது. இன்னாடா தம்பி, இறங்கிகினே போறே?” பிறகு விரல் கீழே போய்க் கையெழுத்தில் நின்றது. தேதி. டீச்சர் கையெழுத்து. பள்ளி முத்திரை. பாஸ்போர்ட்டை வாங்கி அதிலிருந்த கையெழுத்தோடு ஒத்துப்பார்த்தார். அடுத்த கார்டு. அதற்கடுத்தது. மூன்று வருஷத்தில் ஒரு மாதம் விடாமல் நான் ஃபெயிலாகியிருந்தேன்.

“குடுங்க பாப்போம்” என்று அப்பா கை நீட்டி ஒன்றை வாங்கினார். எழுத்து தெரியவில்லை போலும். சட்டென்று எழுந்தார். இரும்பு நாற்காலி தரையில் கிறீச்சென்று பின்னால் போனது.

அடுத்த நொடி சித்தி எனக்கு முன்னால் நின்றிருந்தாள். எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. ஒரு கையால் என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளியிருந்தாள். முன்பு கட்டுப் போட்டிருந்த கை அவள் முகத்துக்கு நேராக உயர்ந்திருந்தது. “நான்தான் போட்டேன் மாமா. பையன ஒண்ணும் செய்யாதீங்க.”

அப்பா நின்ற இடத்தில் அப்படியே நின்றார்.

“கண்ணாடிம்மா” என்றார், மெதுவாக. “கண்ணாடி எடுக்கத்தான் எழுந்தேன்.”

நானோ, என் மந்திரம் இன்னும் வேலை செய்கிறதே என்று அவள் முதுகுக்குப் பின்னால் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் ஒரு அடிகூட விழாதது தன் கையெழுத்துகளால்தான் என்று அவள் நம்பியிருக்கலாம் என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஏட்டு அந்த உயர்ந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலை குனிந்து, என் வாக்குமூலத்தையும் எதிர்வீட்டு அத்தையின் வாக்குமூலத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். அப்பா கண்ணாடியோடு வந்தார். என் மதிப்பெண்ணைப் பார்க்கவே இல்லை. அலமாரித் தாளுக்கு அடியிலிருந்த அந்தப் பழைய ஃபாரத்தை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் நிறுத்தாமல் எழுதினார். கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதி ஏட்டிடம் கொடுத்தார்.

“குவார்ட்டர்ஸ் ஆபீஸுக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும் சார்” என்றார் ஏட்டு.

“இதோட காப்பியை நானே குடுத்துடறேன். வெச்சுக்குங்க.”

அப்பா சொன்னபடி கொடுத்தார். ஆபீஸிலிருந்து ஒரு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது, கூடவே அனுமதியும் வந்தது. ஏட்டு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் பசியாறிவிட்டுப் போகும்போது என் காதைப் பிடித்தார்.

“இனிமே எவனா கேட்டா இன்னா சொல்லுவே?”

“எங்க சித்தி சார். இங்கதான் இருக்காங்க.”

“ஆங்” என்று காதை விட்டார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ரேங்க் கார்டையும் அரசாங்கக் காகிதம் என்று மதித்த மகான் அவர். எனக்குக் கிடைத்த தண்டனை, ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அப்பாவே கணக்குச் சொல்லிக்கொடுத்தது. அடித்திருக்கலாம் என்று பல நாள் ஏங்கியிருக்கிறேன்.

வருஷம் ஒன்று தாண்டி, காஞ்சிபுரத்தில் உறுதிமொழி சொல்லிச் சித்தி சான்றிதழ் வாங்கினாள். மறுநாளே மாமல்லபுரம். கவுண்ட்டரில் சான்றிதழைப் பிரித்து நீட்டி, “இந்தியன் டிக்கெட் ஒண்ணு குடுங்க” என்றாள். “அதெல்லாம் எவம்மா கேட்டது, நகரும்மா, க்யூ நிக்குது” என்றார் உள்ளே இருந்தவர். அவள் அதற்கும் நன்றி சொன்னாள். உள்ளே போய், ஒவ்வொரு கல்லாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, எங்களோடு புல்தரையில் உட்கார்ந்தாள்.

அப்போது அப்பா, “ஐஸ் வாங்கிட்டு வரப் போறேன்” என்று சொல்லிவிட்டு, ஒரு கணம் நிதானித்து, மெல்ல எழுந்தார். ஏட்டு வந்துபோன நாளிலிருந்து அவருக்கு இந்தப் பழக்கம் தொற்றியிருந்தது. “தண்ணி குடிக்கப் போறேன்.” “ஃபேனைக் குறைக்கப் போறேன்.” “பேப்பர் எடுக்கப் போறேன்.” சித்தி பக்கத்தில் இருந்தால், அறிவிக்காமல் நாற்காலியைவிட்டு எழ மாட்டார். வேலை செய்யும் இடத்தில் எந்த ஸ்விட்சைத் தொடுவதற்கு முன்னும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வியாதி வீடுவரைக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

கிடைத்த வாய்ப்பை விடுவேனா? நானும் தொண்டையைக் கனைத்து, “பெரியோர்களே, நான் ஒண்ணுக்குப் போகப் போறேன்” என்று அறிவித்து, அப்பா மாதிரியே மெல்ல எழுந்தேன். சித்தி கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். ஐஸோடு திரும்பிவந்துகொண்டிருந்த அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்காமல் என்னை இழுத்துத் தலையைத் தடவிக்கொடுத்தாள். ஜோக் அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.