போர் மூன்று

1991 தொடக்கத்தில் எங்கள் பள்ளிக்குச் சுற்றுலாத் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. புள்ளலூரில் மைசூர்ப் படையும் கம்பெனிப் படையும் மோதிக்கொண்டபோது சிப்பாய்கள் நடந்த, தங்கிய, குதிரைக்குத் தண்ணீர் காட்டிய இடங்களையெல்லாம் ஒரே பாதையாக இணைத்து, பஸ்ஸில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டப் போகிறார்களாம். பாதையின் பெயர் ‘போர்த் தடம்’. அந்தந்த ஊர் வரலாற்று ஆசிரியர் இடத்தைக் கண்டுபிடித்து, பலகை வரும்வரை அடையாளத்துக்கு ஒரு கல் நட்டுவைக்க வேண்டும். எங்கள் ஊருக்கு மூன்றாம் எண்.

“நீங்கதானே ஹிஸ்டரி?” என்று தலைமையாசிரியர் காகிதத்தை என்னிடம் நீட்டினார், ஏதோ அந்தச் சண்டையை மூட்டிவிட்டதே நான்தான் என்பதுபோல.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. வல்லக்கோட்டைக்குச் சற்றுத் தள்ளி இருந்த அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஓவிய ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், “இங்கே சண்டை நடந்த இடம் எது?” என்று விசாரித்தேன். டீக்கடைக்காரர், “எந்தச் சண்டை? வாய்க்கா சண்டையா, திருவிழா சண்டையா?” என்று கேட்டார். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், “அது குவைத்துல நடக்குது டீச்சர்” என்றார்.

கடைசியில் சைக்கிள் கடைக்காரர்தான் கைகொடுத்தார். ஏரிக்கரையை ஒட்டிய தாழ்வான இடத்துக்குக் குதிரைப்பள்ளம் என்று பெயராம். “மைசூர்க்காரன் குதிரை கட்டின எடம்னு சொல்லுவாங்க. நான் பாக்கலை.” எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அன்று மாலை அந்தப் பள்ளத்தில் நின்றபோது, நிஜமாகவே குதிரைகள் கனைப்பதைக் கேட்டதுபோல உடம்பு சிலிர்த்தது.

கல் நட்டோம். ‘போர்த் தடம், மூன்றாம் நிறுத்தம்’ என்று எழுதச் சொல்லிவிட்டு நான் அளவு குறித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கல்லில் ‘போர் 3’ என்று மட்டும் இருந்தது. ஓவிய ஆசிரியர் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பெயிண்ட் அவ்வளவுதான் டீச்சர். மீதியை ஜனங்க புரிஞ்சிக்குவாங்க.”

புரிந்துகொண்டார்கள். திங்கட்கிழமை காலை, சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்த ஒரு அம்மா பள்ளி வாசலில் என்னை மடக்கினார். மேட்டுத் தெருவில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“டீச்சர், போர் எப்போ ஆரம்பிக்கறாங்க?”

“அது முடிஞ்சு இருநூறு வருஷம் ஆகுதேம்மா.”

“முடிஞ்சிட்ச்சா? அப்ப தண்ணி இன்னா ஆச்சு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர்க் கிணறு உப்பு. பெண்கள் ஒரு மைல் நடந்து அடுத்த ஊர் பம்பில் தண்ணீர் பிடித்து வந்துகொண்டிருந்தார்கள். அரசாங்கம் நிலத்தைத் துளைத்துப் போர் போடப் போகிறது, அதுவும் மூன்றாவது போர் என்று ஊர் முழுக்கப் பேச்சு. நான் படையையும் குதிரையையும் பொறுமையாக விளக்கினேன். அந்த அம்மா கடைசிவரை கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வெளிய சொல்லக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிக்கிறாங்க. அதானே? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

புதன்கிழமை கல் அந்த அம்மா வீட்டு வாசலில் இருந்தது. வியாழக்கிழமை கீழ்த் தெருவில், மாதா கோயில் பக்கத்தில். மைசூர்க் குதிரைப் படைகூட அத்தனை வேகமாக முகாம் மாற்றியிருக்காது. நான் ஒவ்வொரு நாளும் அதைப் பள்ளத்துக்கே தூக்கிவரச் செய்தேன். “குதிரை தண்ணி குடிச்ச எடத்துக்குக் கல்லு நடுறீங்க, மனுசங்களுக்கு இல்லியா?” என்று அந்த அம்மா ஒருநாள் கேட்டார். அதன்பின் கல்லைத் தேடிப் போவதை விட்டுவிட்டேன். இரண்டு தெருவும் சமாதானம் பேசி அதைத் தெருமுனையில் நட்டுக்கொண்டன.

மறு வாரம் சுற்றுலாத் துறை அதிகாரி ஜீப்பில் ஆய்வுக்கு வந்தார். தெருமுனையில் மேளம், மாலை, ஆரத்தி. இரண்டு பக்கமும் பெண்கள் காலிக் குடங்களோடு வரிசையாக நின்றார்கள். அதை அவர் பூரண கும்ப மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். “சார், ஒரு நிமிஷம்” என்று இரண்டு முறை கூப்பிட்டேன். மேளத்தில் கேட்கவில்லை.

“வரலாற்றின் மேல் இவ்வளவு பற்றுள்ள ஊரை நான் பார்த்ததே இல்லை!” என்று அவர் கண்கலங்கிப் பேச ஆரம்பித்தார். “இந்தப் போருக்காக எத்தனை பேர் ரத்தம் சிந்தினார்கள்! எத்தனை உயிர்கள் பலியாயின!”

பால்கார அம்மா ஓரடி முன்னால் வந்தார்.

“உயிரெல்லாம் எதுக்கு சார்? ஒரு பூசணிக்கா ஒடச்சா ஆவாதா?”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஓவிய ஆசிரியர் மட்டும் எப்போது நழுவினார் என்று தெரியவில்லை. மாலையும் குங்குமமுமாக அதிகாரி அப்படியே நின்றார். அந்த அம்மா வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். மரியாதைக்கு ஒரு மடக்கு குடித்தவரின் முகம் கோணிப்போனது. துப்பவும் முடியாமல் விழுங்கினார். நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

இரண்டு மாதத்தில் இரண்டு வந்தன. முதலில், வரலாற்றுச் சின்னத்தை இடம் பெயர்த்தது ஏன் என்று எனக்கு ஒரு மெமோ. மூன்று பக்கம் விளக்கம் எழுதினேன். அடுத்த வாரமே போர் லாரி வந்தது. பாதைத் திட்டம் ஃபைலோடு நின்றுபோனதில் எனக்கு வருத்தம்தான். குதிரைப்பள்ளத்தை நான் உண்மையிலேயே நம்பியிருந்தேன்.

கைப்பம்பு வைத்த அன்று பிள்ளைகள் வகுப்பில் உட்காரவில்லை, நானும்தான். தெருமுனையில் யார் குடம் முதலில் என்று இரண்டு தெருவுக்கும் தகராறு முற்றிக்கொண்டிருந்தது. பால்கார அம்மா என்னைப் பார்த்ததும் பம்பை எட்டிப் பிடித்தார்.

“மொதல்ல டீச்சருக்கு! வழி வுடுங்க!”

என்னிடம் குடம் ஏது? சாப்பிட்டு முடித்த டிபன் பாக்ஸை நீட்டினேன். கலங்கலாக, குளிர்ச்சியாக நிறைந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஓரத்தில் ஒட்டியிருந்த எலுமிச்சைச் சாதத்தோடு குடித்துப் பார்த்து, “நல்ல தண்ணி” என்றேன்.